பிறந்த ஊர் வேறு, சொந்த ஊர் வேறு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற மாத வினாடி வினாவில், இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் இயான் போத்தம் பிறந்த கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எது என்று கேட்டு, ‘செஷயர்’ என்று விடை போட்டிருந்தோம். தப்பு என்று கடிதங்கள் வந்தன. கூடவே பிரிட்டிஷ் பாடகர்கள், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் பிறந்த ஊர்களைப் பற்றி வேறு பல கேள்விகளும் வந்தன. இந்த மாதப் பகுதி முழுக்க அவற்றுக்குத்தான்.

போத்தம் பிறந்த ஹெஸ்வால், மெர்சிசைடில் இருக்கிறது. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். செஷயர் என்று எப்படிப் போட்டீர்கள்?
– கோவில்பட்டி வாசகர்

உங்கள் வரைபடமும் சரி, எங்கள் விடையும் சரி. போத்தம் பிறந்தது 1955 நவம்பர் 24. அன்றைக்கு ஹெஸ்வால் செஷயரில் இருந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் கவுண்டி எல்லைகளைத் திருத்தியபோது அந்த வட்டாரம் புதிதாக உண்டான மெர்சிசைடுக்குப் போய்விட்டது. எங்கள் பிழை, ‘அப்போதைய’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காததுதான்.

அந்த ஒரே நாளில் இடம் மாறியவர்கள் பலர். டென்னிஸ் வீரர் ஃப்ரெட் பெர்ரி பிறந்த ஸ்டாக்போர்ட், 1909இல் செஷயர். இன்று கிரேட்டர் மான்செஸ்டர். லாரல்–ஹார்டி இணையின் ஸ்டான் லாரல் 1890இல் அல்வர்ஸ்டனில், ஆர்கைல் தெருவில் அம்மாவைப் பெற்றவர்களின் வீட்டில் பிறந்தார். நம் ஊர்க் கணக்கில் தாய்வீட்டுப் பிரசவம்! அந்த ஊர் அப்போது லங்காஷயர், இப்போது கம்ப்ரியா. ‘லங்காஷயரின் லாரல்’ என்று எழுதினாலும் ‘கம்ப்ரியாவின் லாரல்’ என்று எழுதினாலும் யாராவது கடிதம் போடத்தான் செய்வார்கள்.

தலைகீழான பிழையும் உண்டு. இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் மைக்கேல் வான், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு வட்டாரத்தில் பிறந்தவர். பல கையேடுகள் ‘லங்காஷயர்’ என்று போடுகின்றன. ஆனால் அவர் பிறந்தது 1974 அக்டோபர் 29. எல்லை மாறி ஏழு மாதம் ஆகிவிட்டிருந்தது. அன்றைய கணக்கில் அது கிரேட்டர் மான்செஸ்டர்.

லண்டனைச் சுற்றி இந்தக் குழப்பத்துக்குத் தேதி வேறு: 1965 ஏப்ரல் 1. கிழக்கு லண்டனில் விப்ஸ் கிராஸ் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. 1953இல் கிரிக்கெட் வீரர் கிரஹாம் கூச் அங்கே பிறந்தார். 1975இல் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமும் அங்கேதான் பிறந்தார். கூச் பிறந்தபோது அந்த இடம் எசெக்ஸ் கவுண்டி. பெக்காம் பிறந்தபோது கிரேட்டர் லண்டன். கட்டடம் அதேதான். இருவருக்கும் ‘லேட்டன்ஸ்டோன், லண்டன்’ என்று போட்டால் ஒருவருக்குச் சரி, மற்றவருக்குத் தப்பு. அதே லேட்டன்ஸ்டோனில், ஹை ரோடு 517ஆம் எண் காய்கறிக் கடையின் மாடியில் 1899இல் பிறந்தவர் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். அவருக்கும் எசெக்ஸ்தான். கடை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். அவர் படங்களின் காட்சிகளைப் பார்க்க வேண்டுமானால் சுரங்க ரயில் நிலையத்துக்குள் போக வேண்டும். சுவரில் 17 மொசைக் ஓவியங்கள் பதித்திருக்கிறார்கள்.

வினாடி வினா தயாரிப்பவர்களுக்கு எங்கள் யோசனை: ‘பிறப்பு: 24.11.1955, ஹெஸ்வால் (அப்போது செஷயர், 1974 முதல் மெர்சிசைட்)’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். கேள்வியாகக் கேட்பதானால் கவுண்டியைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

யார்க்‌ஷயர் கிரிக்கெட் அணியில் ஆட அந்த மண்ணிலேயே பிறந்திருக்க வேண்டும் என்பது உண்மையா, கதையா?
– ஈரோடு வாசகர்

உண்மை. எழுதாத சட்டம்போலத் தொடங்கி, இறுகிய கொள்கையாகி, 1992 வரை நீடித்தது. அந்த ஆண்டு அந்த அணியின் முதல் வெளிநாட்டு வீரராக வந்தவர் சச்சின் டெண்டுல்கர். மேலே சொன்ன மைக்கேல் வான், சிறு வயதிலேயே அந்தக் கவுண்டியின் ஷெஃபீல்டுக்குக் குடிவந்து அங்கேயே வளர்ந்தவர். பழைய விதி நீடித்திருந்தால் வளர்ந்த ஊரின் அணிக்கே அவர் ஆடியிருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அணியைப் பல ஆண்டுகள் கட்டி ஆண்ட கேப்டன் ஹாக் பிரபு பிறந்தது பக்கத்துக் கவுண்டியான லிங்கன்ஷயரில். விதி போட்ட வீட்டிலேயே விதிவிலக்கு.

டேவிட் பெக்காமின் ஜாதகத்தைக் கணிக்க ஆசை. தேதியும் ஊரும் கிடைக்கின்றன, பிறந்த நேரம் எங்கும் கிடைக்கவில்லை. இங்கிலாந்து பிறப்புச் சான்றிதழில் நேரம் இருக்குமா?
– கும்பகோணம் வாசகர்

இருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரட்டைக் குழந்தைகள், அதற்கு மேல் பிறந்தால்தான் நேரத்தைப் பதிவார்கள். மூத்தவர் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. ஒற்றைக் குழந்தைக்குத் தேதி மட்டும். ஆகவே பெக்காமுக்கு யாராவது நிமிடம் வரை நேரம் சொன்னால் அது பதிவேட்டிலிருந்து வந்ததல்ல.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 1855இல் பதிவு தொடங்கியது முதல் எல்லாக் குழந்தைக்கும் நேரத்தை எழுதுகிறார்கள். ஜாதகப் பிரியர்கள் லண்டனை விட்டுவிட்டு எடின்பரோவில் பிறந்த நடிகர் ஷான் கானரியை (25.8.1930) எடுத்துக்கொள்ளலாம். டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் அவரை டன்பிளேன் ஊர்க்காரர் என்பார்கள், வளர்ந்தது அங்கேதான். பிறந்தது கிளாஸ்கோவில் (15.5.1987). அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிளாஸ்கோவுக்குப் போட வேண்டும்.

நேரம் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். மே மாதத்தில் பிறந்த மரேக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால்தான் கிரீனிச் நேரம் வரும். போர்க்காலத்தில் இன்னும் சிக்கல். 1940 பிப்ரவரி கடைசியில் முன்னே தள்ளிய கடிகாரத்தை 1945 அக்டோபர் வரை பின்னே வைக்கவே இல்லை. குளிர்காலத்திலும் ஒரு மணி நேரம் கூடுதல். 1941 முதல் 1945 வரை கோடைகளில் அதற்கு மேலும் ஒரு மணி. பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும் இந்தக் காலத்தில்தான் பிறந்தார்கள். ரிங்கோ (7.7.1940), லெனன் (9.10.1940), ஹாரிசன் (25.2.1943) மூவருக்கும் ஒரு மணி கழிக்க வேண்டும். 1942 ஜூன் 18 அன்று பிறந்த பால் மெக்கார்ட்னிக்கு இரண்டு மணி. பிப்ரவரி என்றால் குளிர்காலம்தானே என்று ஹாரிசனுக்குக் கழிக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 1947இலும் இரட்டைக் கோடை நேரம் உண்டு, ஏப்ரல் 13 முதல் ஆகஸ்ட் 10 வரை. மார்ச் 25இல் பிறந்த பாடகர் எல்டன் ஜான் அதற்கு முன்பே வந்துவிட்டதால் அவருக்கு ஒரு மணிதான். 1968 முதல் 1971 அக்டோபர் வரை குளிர்காலத்திலும் கடிகாரம் ஒரு மணி முன்னேயே ஓடியது. இரண்டு மணி நேரம் தவறினால் லக்னமே மாறிவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சார்லி சாப்ளின் எங்கே பிறந்தார்? ஒரு புத்தகத்தில் லண்டன், இன்னொன்றில் பர்மிங்காம் பக்கத்து நாடோடி வண்டி. எது சரி?
– புதுச்சேரி வாசகி

பதிவேட்டுச் சான்று இரண்டுக்குமே இல்லை. இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்புப் பதிவு உண்டு. 1875 முதல் பதியாவிட்டால் அபராதமும் உண்டு. அப்படியிருந்தும் 1889இல் சாப்ளின் பிறந்ததற்கான பதிவு கிடைக்கவே இல்லை. 1950களில் அமெரிக்கர்கள் கேட்டதற்காக பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடிப் பார்த்துக் கையை விரித்தது. அந்தக் கோப்பு 2012இல் வெளியானது.

அவர் சொன்ன கணக்கு: 1889 ஏப்ரல் 16, தெற்கு லண்டன் வால்வொர்த்தில் ஈஸ்ட் லேன். வரைபடத்தில் ஈஸ்ட் லேன் என்று தேடினால் சிக்காது; பெயர்ப்பலகையில் ஈஸ்ட் ஸ்ட்ரீட் என்றிருக்கும். சந்தை கூடும் அந்தத் தெருவை ஊர்க்காரர்கள் லேன் என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் இருவரும் மேடைக் கலைஞர்கள் என்பதால் கலைஞர்களுக்கான ஒரு பத்திரிகை 1889 மே மாதம் பிறப்புச் செய்தி போட்டது. அதில் தேதி 15. ஒரு நாள் முரண். ஊர் விஷயத்தில் அது உதவவில்லை.

பர்மிங்காம் கதையின் வேர் ஒரு கடிதம். சாப்ளினின் மேசையில் பூட்டியிருந்த ஒரு இழுப்பறையில், 1991இல் மனைவி ஊனா இறந்த பிறகு அது கிடைத்தது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக்கில், பிளாக் பேட்ச் என்ற இடத்தில் நாடோடிகள் தங்கியிருந்த திடலில் ஒரு வண்டிக்குள் நீங்கள் பிறந்தீர்கள் என்று எப்போதோ ஒருவர் அவருக்கு எழுதியிருக்கிறார். கடிதத்தை அவர் பத்திரப்படுத்தி வைத்தார் என்பது ஆர்வமூட்டும் விஷயம்; அது சான்றாகிவிடாது. எங்கள் தீர்ப்பு: ‘லண்டன், வால்வொர்த் (அவர் கூற்றுப்படி)’. அடைப்புக்குறியை விடக் கூடாது.

மெட்ராஸில் பிறந்த பிரிட்டிஷ் பிரபலங்கள் யார் யார்?
– சென்னை வாசகி

பாட்டில் ஒருவர், ஆட்டத்தில் ஒருவர் சொன்னால் போதும் என்றால்: எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், நாசர் ஹுசைன்.

ஹம்பர்டிங்க்கின் உண்மைப் பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936 மே 2 அன்று மெட்ராஸில் பிறந்து, பத்து வயது வாக்கில் குடும்பத்தோடு லெஸ்டருக்குப் போனார். வாயில் நுழையாத அந்த மேடைப் பெயர் ஒரு ஜெர்மன் இசையமைப்பாளருடையது. 1965இல் மேனேஜர் சூட்டியது. 1967இல் ‘ரிலீஸ் மீ’ பாட்டு, பீட்டில்ஸ் இசைத்தட்டை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது இவருக்கு வாழ்நாள் பெருமை. பெயரை வைத்து இவரை ஜெர்மன்காரர் என்று எழுதும் பட்டியல்களும் உண்டு.

நாசர் ஹுசைன் 1968 மார்ச் 28 அன்று மெட்ராஸில் பிறந்தவர். அப்பா மெட்ராஸ் அணிக்காக ரஞ்சியில் ஆடியவர். சிறு வயதில் எசெக்ஸ் பக்கம் போய், 1999 முதல் 2003 வரை இங்கிலாந்துக்கு 45 டெஸ்டுகளில் கேப்டனாக இருந்தார்.

பாடகர் கிளிஃப் ரிச்சர்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். அவர் லக்னோவில் பிறந்தவர் (14.10.1940, உண்மைப் பெயர் ஹாரி ராட்ஜர் வெப்). பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பிறந்ததும் பம்பாயில் இல்லை. பாஞ்ச்கனியில் பள்ளியில் படித்தார், பிறந்தது சான்சிபாரில்.

ஊட்டியில் பிறந்த இங்கிலாந்து கேப்டன் யார்? அவரது முதலெழுத்துகளில் ஒரு விசேஷம் என்கிறார்களே?
– குன்னூர் வாசகர்

மைக்கேல் காலின் கௌட்ரி. எம்.சி.சி. கிரிக்கெட் பைத்தியமான அப்பா, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் மெரில்போன் கிரிக்கெட் கிளப்பை மனதில் வைத்தே மகனுக்குப் பெயர் வைத்தார். தோட்டத் துரை வீட்டுப் பிள்ளை. பிறந்தது 1932 டிசம்பர் 24. நூறு டெஸ்ட் ஆடிய முதல் வீரர். அந்த நூறாவது டெஸ்டில் (1968, பர்மிங்காம்) சதமும் அடித்தார். சில பட்டியல்களில் பிறந்த ஊர் பெங்களூரு என்று பார்க்கலாம். ஊட்டி என்று போட்டுவிட்டு ‘மைசூர்’ என்று சேர்ப்பவர்களும் உண்டு. அது அப்பட்டமான தவறு, நீலகிரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

கேப்டன்கள் பற்றிய பேச்சு என்றால் இன்னொருவரைச் சொல்லியே ஆக வேண்டும். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது எதிரணிக் கேப்டன் டொனால்டு கார். வழக்கமான கேப்டனுக்கு உடம்பு சரியில்லாததால் வந்தவர். அவர் பிறந்தது ஜெர்மனியின் வீஸ்பாடனில். முதல் உலகப்போருக்குப் பின் அங்கே நிறுத்தியிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்பாவுக்கு வேலை. டக்ளஸ் ஜார்டைன் பம்பாய், டெட் டெக்ஸ்டர் மிலான், ஃப்ரெடி பிரவுன் லீமா. ராணுவம், தோட்டம், கப்பல், வியாபாரம் என்று அப்பா போன இடத்தில் பிள்ளை பிறந்தது. கால்பந்துக் கேப்டன் டெர்ரி புட்சரும் அப்படித்தான்: அப்பா கடற்படை, பிறந்தது சிங்கப்பூர்.

2019 கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் எத்தனை பேர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள்?
– திருநெல்வேலி வாசகர்

இறுதிப் போட்டியில் ஆடிய பதினொருவரில் ஏழு பேர். வெளியில் பிறந்தவர்கள் நால்வர்: மோர்கன் (டப்ளின்), ஸ்டோக்ஸ் (நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்), ஆர்ச்சர் (பார்படோஸ்), ராய் (தென்னாப்பிரிக்காவின் டர்பன்). டப்ளின் பிரிட்டனில் சேராது, அயர்லாந்துக் குடியரசின் தலைநகர். அதை மறந்துவிட்டு மூன்று என்று எண்ணுபவர்கள் உண்டு. நியூசிலாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன் நியூசிலாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ்.

ஆர்ச்சருக்குத் தகுதி வந்த விதம் தனி. அப்பா பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் வெளியில் வளர்ந்தவர்கள் ஏழு ஆண்டுகள் வசித்த பிறகே ஆடலாம் என்றிருந்த விதியை, 2019 தொடக்கத்திலிருந்து மூன்றாண்டாகக் குறைத்தார்கள். உலகக் கோப்பைக்குச் சில மாதம் முன்புதான் கதவு திறந்தது.

இங்கிலாந்தில் பிறந்த எழுவரில் மார்க் வுட்டின் ஊரைக் கவனியுங்கள்: ஆஷிங்டன், வடக்கே ஒரு பழைய சுரங்கத் தொழிலாளர் ஊர். 1966 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்களும் அதே ஊர். ஒரே ஊரில் மூன்று உலகக் கோப்பைப் பதக்கங்கள்!

டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிரிட்டிஷ்காரர்கள் எல்லாம் லண்டனைச் சேர்ந்தவர்களா?
– கரூர் வாசகர்

மூவர் வென்றிருக்கிறார்கள், ஒருவர்கூட இங்கிலாந்தில் பிறக்கவில்லை. பிராட்லி விக்கின்ஸ் (2012) பெல்ஜியத்தின் கென்ட், கிறிஸ் ஃப்ரூம் (2013, 2015, 2016, 2017) நைரோபி, ஜெரைன்ட் தாமஸ் (2018) வேல்ஸின் கார்டிஃப். விக்கின்ஸ் லண்டனில் வளர்ந்தவர் என்பதால் உங்களுக்குக் கால் மதிப்பெண் தரலாம்.

பீட்டில்ஸ் பிறந்த வீடுகளைப் பார்க்க லிவர்பூல் போகிறோம். எந்தெந்த வீடு?
– மதுரை வாசகி

பிறந்த வீடு என்று கேட்டால் இரண்டுதான் உண்டு. மற்ற இருவரும் மருத்துவமனையில் பிறந்தவர்கள்.

ஜார்ஜ் ஹாரிசன்: வேவர்ட்ரீ, 12 ஆர்னால்டு குரோவ். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, கழிப்பறை கொல்லைப்புறத்தில். 2024 மே மாதம் இங்கே, பிரபலங்களின் வீட்டை அடையாளம் காட்டும் நீல வட்டப் பலகை பதித்தார்கள். ரிங்கோ ஸ்டார்: டிங்கிள் பகுதி, 9 மேட்ரின் தெரு. இடிக்க இருந்த தெரு அது, போராடிக் காப்பாற்றினார்கள். இரண்டும் ஆள் குடியிருக்கும் ஒடுக்கமான தெருக்கள்.

ஜான் லெனன் பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டு தெரு மகப்பேறு மருத்துவமனை, பால் பிறந்தது வால்டன் மருத்துவமனை. பால் அம்மா அங்கே நர்ஸாக வேலை பார்த்தவர். சுற்றுலாக்காரர்கள் உங்களை அழைத்துப்போகும் 251 மென்லவ் அவென்யூவும் 20 ஃபார்த்லின் ரோடும் பிறந்த வீடுகள் அல்ல. முதலாவது, லெனன் தன் பெரியம்மாவிடம் வளர்ந்த வீடு. இரண்டாவதற்குப் பால் குடும்பம் வந்தது 1955இல், அவருக்கு 13 வயது. இவ்விரண்டும் தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கின்றன. உள்ளே போக முன்பதிவு கட்டாயம். நேரே வாசலில் போய் நின்றால் கதவு திறக்காது.

பலகைகளைப் படிக்கும்போது ‘இங்கே பிறந்தார்’, ‘இங்கே வாழ்ந்தார்’ என்ற இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். படம் எடுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரியை வாசிப்பதே இல்லை.

ஒருவர் பிறந்த ஊரை இணையத்தில் நாமே சரிபார்க்க வழி உண்டா?
– தஞ்சாவூர் வாசகர்

இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் உண்டு. ‘ஃப்ரீ பி.எம்.டி.’ என்ற தளத்தில் பிறப்புப் பதிவு அட்டவணையை இலவசமாகத் தேடலாம். பாடகர் டாம் ஜோன்ஸை வைத்துச் செய்துபார்ப்போம்.

முதலில் பிறப்புப் பெயர். டாம் ஜோன்ஸ் என்று போட்டால் வேறு யாராவதுதான் வருவார்கள். தாமஸ் ஜான் வுட்வர்ட் என்று தேட வேண்டும். அடுத்தது காலாண்டு. 1983 வரை அட்டவணை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று முடியும் நான்கு காலாண்டுகளாக இருக்கும். ஒரு பெயர் எந்தக் காலாண்டில் வரும் என்பது பிறந்த நாளைப் பொறுத்ததல்ல, பதிந்த நாளைப் பொறுத்தது. பதிய 42 நாள் அவகாசம். டாம் ஜோன்ஸ் பிறந்தது 1940 ஜூன் 7. ஜூலை 19 வரை பதிந்திருக்கலாம். ஆகவே ஜூன், செப்டம்பர் இரண்டு காலாண்டுகளையும் பார்க்க வேண்டும். டிசம்பர் 31இல் பிறந்த நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸை (1937) அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் தேட வேண்டியிருக்கும். பலரும் இங்கேதான் ‘பதிவே இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். 1911 செப்டம்பர் காலாண்டு முதல் அதுவும் அட்டவணையில் உண்டு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் பிரித்துக் காட்டுவது அதுதான். வுட்வர்ட் விஷயத்தில் அந்தக் கட்டத்தில் வர வேண்டியது ‘ஜோன்ஸ்’. மேடைப் பெயரைச் சூட்டியவர் மேனேஜர்; அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் அதுவே.

கடைசியாகப் பார்க்க வேண்டியது பதிவு மாவட்டம். இதைப் பிறந்த ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகம் ஓர் ஊரில் இருக்க, சுற்றுவட்டாரம் முழுக்க அங்கே பதிவதைப்போலத்தான். டாம் ஜோன்ஸ் பிறந்தது ட்ரிஃபாரஸ்ட். பக்கத்துப் பெரிய ஊரான பான்டிப்ரித்தை அவர் ஊராகச் சொல்வது இதனால்தான் ஒட்டிக்கொள்கிறது. தெரு, கதவு எண் வரை வேண்டுமானால் பணம் கட்டி முழுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சிறிய சான்றிதழில் அந்த விவரம் வராது.

இந்தியாவில் பிறந்தவர்களை இந்த அட்டவணையில் தேடிப் பயனில்லை. அவர்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் வழி. வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று தொகுதி. ஒரு எச்சரிக்கை: தேவாலயம் இருக்கும் ஊர், குழந்தை பிறந்த ஊராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தோட்டத்தில் பிறந்த குழந்தையை எங்கோ ஒரு நகரத்து ஆலயத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

பொய்யான பிறந்த ஊரைச் சொல்லியே காலம் தள்ளிய நட்சத்திரங்கள் உண்டா?
– காரைக்குடி வாசகர்

மெர்ல் ஓபரான். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்றுதான் திரையுலகம் அவரை அறிமுகப்படுத்தியது. சான்றிதழ் கேட்டால் தீயில் எரிந்துபோனது என்பார்கள். உண்மையில் 1911இல் பம்பாயில் பிறந்து, பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்தவர். குடும்பத்தின் வேர் இலங்கையிலும் உண்டு. 1930களின் ஹாலிவுட் தணிக்கை விதிகள் வெள்ளையரும் மற்ற இனத்தவரும் காதலிப்பதாகக் காட்டவே தடை போட்டிருந்தன. உண்மையைச் சொல்லியிருந்தால் கதாநாயகி வேடமே கிடைத்திருக்காது. தாஸ்மேனியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள் என்ற தைரியம். 1978இல் ஹோபார்ட் நகரமே ‘ஊர்ப்பெண்ணுக்கு’ வரவேற்பு வைத்தது. அடுத்த ஆண்டு இறந்தார். பம்பாய்ச் சான்றிதழ் அதற்குப் பிறகே வெளியே வந்தது.

ஓட்டப்பந்தய வீரர் மோ ஃபாராவின் கதையை இதோடு சேர்க்கக் கூடாது. மொகதிஷு என்று சொல்லி வந்தவர், 2022இல் தானே முன்வந்து, தன் உண்மைப் பெயர் ஹுசைன் அப்தி காஹின் என்றும், பிறந்தது சோமாலிலாந்து என்றும், சிறுவனாக வேறொரு பிள்ளையின் பெயரில் கடத்தி வரப்பட்டதாகவும் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்கள். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பாடகி எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில்தானே பிறந்தவர்?
– யாழ்ப்பாணம் வாசகி

இல்லை. மாதங்கி அருள்பிரகாசம் 1975 ஜூலை 18 அன்று மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவில் வளர்ந்து, 1986 வாக்கில் அகதியாக லண்டன் திரும்பினார். பிறந்த நகரத்துக்கே அகதியாகப் போனவர். நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதனும் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை; பிறந்தது சசெக்ஸின் கிராலி. நடிகை சிமோன் ஆஷ்லியின் பெற்றோரும் தமிழர். அவர் ஊர் சர்ரேயின் கேம்பர்லி.

பீ ஜீஸ் சகோதரர்கள் ஆஸ்திரேலியர்களா, பிரிட்டிஷ்காரர்களா?
– நாகர்கோவில் வாசகர்

பெற்றோர் பிரிட்டிஷ், பாட்டுத் தொழில் சூடுபிடித்தது ஆஸ்திரேலியாவில், பிறந்தது இரண்டிலும் இல்லை. மூவரும் ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸில் பிறந்தவர்கள். அந்தத் தீவு அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஐக்கிய ராஜ்யத்தின் பகுதி அல்ல, பதிவேடும் தனி. சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷும் அதே டக்ளஸ்தான்.

நடிகர் மைக்கேல் கெய்ன் அசல் ‘காக்னி’ (அசல் லண்டன்காரர்) என்கிறார்கள். அப்படியென்றால் எந்தப் பேட்டை?
– வேலூர் வாசகர்

லண்டன் சீப்சைடிலுள்ள செயின்ட் மேரி-லி-போ ஆலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவரே காக்னி என்பது பழைய இலக்கணம். கெய்ன் (இயற்பெயர் மாரிஸ் ஜோசஃப் மிக்கிள்வைட், 14.3.1933) பிறந்தது தேம்ஸ் நதிக்குத் தெற்கே ராதர்ஹித்தில். காற்று வாகாக வீசினால் கேட்டிருக்கலாம். அந்த மணிகள் 1941 குண்டுவீச்சில் விழுந்து 1961இல்தான் மறுபடி ஒலித்தன. இலக்கணத்தை இறுக்கிப் பிடித்தால் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் லண்டனில் ஒரு காக்னிகூடப் பிறக்கவில்லை.

மிஸ்டர் பீன்?
– அஞ்சலட்டையில் ஊர் எழுதாத வாசகர்

ரோவன் அட்கின்சன், 1955 ஜனவரி 6, டர்ஹம் கவுண்டி, கான்செட். அப்போது இரும்பு ஆலை ஊர். உங்கள் ஊரையும் அடுத்த முறை எழுதுங்கள்.